ஏழாம் இலக்க நறுக்கு

சனிக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் அபிராமி கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். நான் குசினியில் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பழைய அரைத்தாள் தெரிந்தது. நடுவில் ஒட்டிய நான்கு வரிச் செய்தி, வலது மேல் மூலையில் ஊதா மையில் திகதி முத்திரை, அதற்குக் கீழே என் சுருக்கொப்பம்.

"அம்மா, இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"என்ர கையெழுத்து எனக்குத் தெரியாதே? எங்கயிருந்து எடுத்தனி?"

"அப்ப சரி. திங்கட்கிழமை நீங்க ஒரு சத்தியக்கடதாசியில கையெழுத்து வைக்கவேணும். நான் அவையளுக்குச் சொல்லிப்போட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் உலக்கையைக் கீழே வைத்தேன். அந்தத் தாளில் இருந்த திகதி பிழை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு தமிழ்த் தினசரியில், செய்திகளை வெட்டித் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் நறுக்கு அறையில் இருபத்தொன்பது வருடங்கள் வேலை செய்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நிர்வாகம் அந்த அறையை மூடியது. தாள்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினார்கள். அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. ஓய்வு தந்து அனுப்பினார்கள். இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள், அந்த அறையில் எப்படி வேலை நடந்தது என்று எழுதித் தரும்படி பல தடவை கேட்டார்கள். எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்துவந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆறு மாதம் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். கரப்பான் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலக்க வேண்டும். கூடினால் தாள் பச்சையாகிவிடும். அடுத்த ஆறு மாதம் இரும்பு அடிமட்டத்தை வைத்து நேராக வெட்டப் பழகினேன். பிறகு வெளிநாட்டுப் பகுதியை என்னிடம் தந்தார்கள்.

அந்தப் பகுதியில் மிகத் தடித்த கோப்பின் பெயர் 'படுகொலைகள் – பிற நாடுகள்'. இந்தோனேசியா, குவாத்தமாலா, கம்போடியா, ருவாண்டா என்று நாட்டுக்கு ஒரு மட்டை. வருடக்கணக்காக வெட்டி ஒட்டும்போது இந்தச் செய்திகளின் நடை பழகிவிடும். முதல் வாரம் செத்தவர்களின் தொகை வரும். இரண்டாவது வாரம் அரசாங்கம் மறுக்கும். பிறகு எங்கேயோ ஒருவர், இதற்குப் பின்னால் இன்ன நாட்டு உளவுத்துறை இருந்தது என்பார். அத்தோடு செய்தி நின்றுவிடும். பல வருடங்கள் கழித்து ஒரு நாட்டில் பழைய இரகசியக் கடிதங்கள் வெளியே வரும். அந்த ஒருவர் சொன்னது சரி என்று தெரியும். இன்னொரு நாட்டில் அந்தச் சந்தேகத்தைப் பரப்பியதே வேறொரு உளவுத்துறை என்று தெரியும். பெரும்பாலான மட்டைகளில் இரண்டும் நடக்காது.

எங்கள் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் தம்பிராசா சேர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு தாளில் பிழை கண்டால் அதை மேசையில் கவிழ்த்து வைப்பார். ஒரேயொரு கேள்வி கேட்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்துணி ஒன்றால் துடைத்துக்கொண்டிருப்பார். நாம் பதில் சொல்லும்வரை துடைப்பார். அந்தக் கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் நான்தான்.

சந்தேகச் செய்திகளை அவர் கழித்துப் போடவில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் சொன்னது என்ற பெயர் செய்தியில் இருந்தால் அந்தப் பெயரின் கீழ் நீலப் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கொலைச் செய்திக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் கூடைக்குள் போகும்.

"உளவுத்துறை எண்டு தனியா ஒரு மட்டை போட்டால் தேடுறதுக்குச் சுகமெல்லோ சேர்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"போடலாம் பிள்ளை. பிறகு எல்லாக் கொலையும் ஒரே ஆள் செய்த மாதிரி இருக்கும். பரவாயில்லையே?"

கண்ணாடியைக் கழற்றினார். நான் தனி மட்டை போடவில்லை.

இனித் திகதி முத்திரை. பத்திரிகையில் இருந்து ஒரு செய்தியை வெட்டி எடுத்தவுடன் அதன் திகதி போய்விடுகிறது. பக்கத்தின் தலையில் அல்லவா திகதி இருக்கிறது. அதன்பிறகு அந்தச் செய்திக்கு நாங்கள் குத்தும் முத்திரைதான் பிறந்த நாள். திகதியை மாற்றத் திருப்பும் றப்பர் சில்லுகள் வைத்த முத்திரை அது. காலையில் வந்தவுடன் வெட்டும் பிளேட்டைத் தொடுவதற்கு முன்பு சில்லைத் திருப்பி, நாட்பதிவுப் புத்தகத்தில் முதலில் குத்த வேண்டும். பிறகு அன்றைய நறுக்குத் தாள்களிலும் குத்திச் சுருக்கொப்பம் வைத்து, மூலையில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட வேண்டும். யாராவது ஒரு தாளை இரவல் எடுத்தால் அந்த இடத்தில் பெயரும் இலக்கமும் எழுதிய அட்டை வைக்க வேண்டும். அடுத்த நாள் காலை சேர் புத்தகத்தைப் பார்த்துச் சுருக்கொப்பம் இடுவார்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். எங்கள் பத்திரிகை இரண்டு தடவை அச்சாகும். முன்னிரவில் அச்சாவது வெளியூர்ப் பதிப்பு. விடியப்புறம் அச்சாவது நகரப் பதிப்பு. கடைசி நேரச் செய்திகள் அதில் மட்டும்தான் வரும். நாங்கள் வெட்டியது நகரப் பதிப்பை. வெளியே நூலகங்களில் சேர்த்து வைத்தவர்களிடம் பெரும்பாலும் வெளியூர்ப் பதிப்புத்தான் இருந்தது. எங்கள் நகரப் பதிப்புக் கட்டுகளும் கட்டடம் மாறியபோது மழையில் நனைந்து அழிந்துவிட்டன.

இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பத்திரிகைக் கந்தோருக்கு நாலு தெரு தள்ளி ஒரு கடைத்தெருவில் குண்டு வெடித்தது. நான் அன்றைய மூன்றாவது நறுக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். அடிமட்டம் கையில் இருந்து நழுவியது; தாளில் கோணலாக ஒரு வெட்டு விழுந்தது. ஆட்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பஸ் இல்லை. அபிக்கு அப்போது மூன்று வயது. வெள்ளவத்தையில் மொன்டிசோரியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நடந்தேன். கொம்பனித்தெருவில் ஒரு முறை, கொள்ளுப்பிட்டியில் இரண்டு முறை சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை காட்டினேன். மொன்டிசோரிக்குப் போனபோது அவள் மட்டும் ஆசிரியையின் மடியில் நித்திரையாக இருந்தாள். காலில் சப்பாத்து ஒன்றுதான் இருந்தது. மற்றதைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குண்டை யார் வைத்தார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை. ஒரு பகுதி மற்றப் பகுதியைச் சொன்னது. புலனாய்வுக்காரருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் விட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள். பெயர் சொல்லிச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போனேன். பத்திரிகை நிற்கவில்லை, நாங்களும் நிற்க முடியாது. அன்று பன்னிரண்டு நறுக்குகள். ஏழாவது நறுக்கு, நகரப் பதிப்பில் கடைசி நேரத்தில் ஏறிய சிறு பெட்டிச் செய்தி: 'கடைகளை இன்று காலை திறக்க வேண்டாமெனச் சிவில் உடையில் வந்த இருவர் இத்தெரு வர்த்தகர்களிடம் கூறிச் சென்றுள்ளனர். காரணம் தெரிவிக்கப்படவில்லை.' தெருவின் பெயர் தலைப்பில் இருந்தது. குண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பக்கத்தில் எட்டுப் பத்தியில் குண்டுச் செய்தி இருக்கும்போது அதைத் திரும்பச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அன்று நான் சில்லைத் திருப்பவில்லை. பன்னிரண்டு தாளிலும் செவ்வாய்க்கிழமையின் திகதி விழுந்தது.

வியாழக்கிழமை காலை சேர் நாட்பதிவுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நேற்று என்ன கிழமை பிள்ளை?"

உடனே திருத்தத் தொடங்கினேன். பிழையான திகதியைச் சிவப்பு மையால் வெட்டி, சரியான திகதியை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பதினொரு தாள் இருந்தது. ஏழாவதின் இடத்தில் அட்டைதான் இருந்தது. வெளிநாட்டுப் பகுதி உதவி ஆசிரியர் ஒருவர், மற்ற நாடுகளில் கொலைகளுக்கு முன்னும் பின்னும் சனங்களை எப்படி அப்புறப்படுத்தினார்கள் என்று ஒரு கட்டுரை எழுத அதை எடுத்துப் போயிருந்தார். கீழ் மாடிக்குப் போய்க் கேட்டால் தருவார். போகவில்லை. கீழ் மாடியில்தான் செத்தவர்களின் படங்களைக் கழுவிக் காயப் போட்டிருந்தார்கள்.

"பன்னிரண்டும் முடிஞ்சுதே?" என்றார் சேர்.

"ஓம் சேர்."

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. என்னை நம்பினார், சுருக்கொப்பம் இட்டார்.

அந்தத் தாள் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இனி அதைத் திருத்தினால் ஏன் இவ்வளவு நாள் என்ற கேள்வி வரும். உதவி ஆசிரியர் அதன் மூலையில் 'ஒப்பிடுக: பிற நாடுகள்' என்று எழுதியிருந்தார். அதையே சாட்டாக வைத்து வெளிநாட்டு மட்டைக்குள் செருகினேன். அங்கே சேர் அதிகம் கை வைப்பதில்லை. பிறகு அவர் இறந்துபோனார். நானும் அந்தத் தாளை மறந்துவிட்டேன் என்று சொல்வது முழு உண்மையாக இருக்காது.

அபி சட்டம் படிக்கிறாள். தோழிகள் இருவரோடு சேர்ந்து வீடியோக்கள் போடுகிறாள். பல நாடுகளில் நடந்த படுகொலைகள், அவற்றில் உளவுத்துறைகளின் கை என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்காகத்தான் கணினியில் ஏறிய எங்கள் வெளிநாட்டு மட்டையைத் தேடியிருக்கிறாள். ருவாண்டாவுக்கும் குவாத்தமாலாவுக்கும் நடுவில் கொட்டாஞ்சேனைத் தெரு ஒன்றின் பெயர். திகதி, குண்டு வெடித்த அதே நாள். காலைப் பத்திரிகை. அப்படியென்றால் முதல் நாள் மாலையே சிவில் உடைக்காரர் வந்து கடைக்காரரை எச்சரித்திருக்கிறார்கள். அந்தத் தாளை யாரோ வேண்டுமென்றே வெளிநாட்டு மட்டைக்குள் ஒளித்திருக்கிறார்கள். அவள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. முத்திரை மட்டும் பிழை.

அந்தத் தாளைக் காட்டி அவள் எனக்குச் சொல்லாமலே போட்டிருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, குண்டில் செத்தவர்களின் குடும்பங்கள் அவளைத் தேடிப் பிடித்திருந்தன. அவர்களின் சட்டத்தரணி வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு மனு ஆயத்தம் செய்துவைத்திருந்தார். அதில் முதலாவது ஆதாரமாக இந்தத் தாளைப் போட முடிவு செய்தார்கள். முத்திரையும் ஒப்பமும் என்னுடையவை என்று நான் சத்தியம் செய்தால் போதும்.

"அபி, அந்தத் திகதி பிழை," என்றேன்.

"என்ன பிழை?"

"அது புதன்கிழமைப் பேப்பர். நான் முத்திரையைத் திருப்ப மறந்திட்டன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் நின்றுதான் போனது.

"ஆர் அம்மா உங்களோட கதைச்சது?"

"ஒருத்தரும் கதைக்கயில்லை."

"அப்ப பயந்திட்டீங்கள். எனக்கு ஒண்டும் நடக்காது. எத்தினை பேர் பாத்திட்டினம், இனி ஒருத்தரும் கை வைக்க ஏலாது."

"பயம்தான். பயமில்லை எண்டு நான் எங்க சொன்னனான்? பயந்தாலும் திகதி பிழைதான்."

"இதைத்தானே அவங்களும் சொல்லுவாங்கள்! மறதி, பிழை, கைதவறினது. இருவது வருஷமாச் சொல்லுறாங்கள். இப்ப என்ர அம்மாவும் சொல்லுறா."

வரவேற்பறையில் இருந்து என் கணவர், "ரெண்டு பேரும் மெதுவாக் கதையுங்கோ, பக்கத்து வீட்டு ஆக்களுக்குக் கேக்குது," என்றார். அவரும் மெதுவாகச் சொல்லவில்லை.

மகளுக்கு என்னை நம்ப ஒரு காரணமும் இல்லை. நான் பதினைந்து வருடங்களாக அவளிடம் எதையும் பேசாதே, எங்கும் போகாதே என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். இதுவும் அதில் ஒன்று போலத்தான் கேட்டிருக்கும்.

"மூலையில என்ன இலக்கம் கிடக்கு?" என்றேன்.

"ஏழு."

"உள்ளூர் மட்டைக்குப் போ. அதே திகதியில ஆறாம் இலக்கத்தையும் எட்டாம் இலக்கத்தையும் எடு."

கோபத்தோடுதான் தேடினாள். கொஞ்ச நேரம் எடுத்தது. ஆறாம் இலக்கத் தாள் திரையில் வந்தது. ஊதாத் திகதி சிவப்பு மையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் அடுத்த நாள் எழுதப்பட்டிருந்தது. எட்டிலும் அப்படியே. கேட்காமலே ஐந்தையும் ஒன்பதையும் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"இத ஏன் திருத்தயில்லை?"

சொன்னேன். அட்டை, கீழ் மாடி, படங்கள், சேர் கேட்டது, நான் சொன்ன பதில். இருபது வருடங்களில் முதல் தடவையாக ஒருவருக்குச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அந்தச் சனத்துக்கு நான் இப்ப என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் அவர்களிடம் இருந்த ஒரே காகிதம் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் ஆறாம் இலக்கமும் எட்டாம் இலக்கமும் அரச சட்டத்தரணிக்கும் கணினியில் கிடைக்கும். அன்றைக்கு இந்த மனுவோடு சேர்த்து இனி வரக்கூடிய எல்லா மனுவும் பொய்யாகிவிடும். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவள் இம்மானுவேல் என்பவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். குண்டில் மனைவியை இழந்தவர்; மனுவில் முதல் பெயர் அவருடையது. அவர் முழுதும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். பத்து மணிக்கு அவள் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, ஆறு, ஏழு, எட்டு மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, பிழை என் தாயுடையது என்று சொல்லிப் புதிய வீடியோ போட்டாள். 'என் தாய்' என்று சொல்லாமல் விடலாம் என்றாள். சொல்லச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் எங்களை இரண்டு பக்கமும் தின்றது. அம்மாவை மிரட்டிவிட்டார்கள் என்று ஒரு பகுதி எழுதியது. அம்மா முதலில் இருந்தே அவர்களுடைய ஆள், அதனால்தான் தாளை ஒளித்தாள் என்று சிலர் எழுதினார்கள். மற்றப் பகுதி, நாட்டுக்கு அவதூறு செய்த பெண்ணைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றது. அபியின் தோழி ஒருத்தி அழைப்பை எடுக்கவில்லை. இலக்கம் தெரியாத அழைப்புகள் மூன்று வந்தன. எடுத்தால் மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

என் கணவர் இரும்புக் கேற்றுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். "ஆராவது வந்து கேட்டால் நான் வீட்டில இல்லை எண்டு நானே போய்ச் சொல்லுறன்," என்றார். அபி சிரித்தாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ கடைக்கோ ஒருவரும் போகவில்லை. வாகனம் ஒன்று ஒழுங்கையில் மெதுவாகினால் எழும்பிப் போய்த் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றேன். எத்தனையோ நாடுகளில் வீட்டுக்கு வந்து ஆட்களைக் கூட்டிப் போன செய்திகளை வெட்டி ஒட்டியவள் நான். என்ன மாதிரி வருவார்கள், கதவில் என்ன சொல்லுவார்கள் என்பது எனக்கு வரிவரியாகத் தெரியும். அந்தப் படிப்பு அன்று ஒரு உதவியும் செய்யவில்லை. அபியின் உடுப்புகள் இரண்டை ஒரு பையில் மடித்து வைத்தேன். எங்கே அனுப்புவது என்று தெரியாமல் திரும்ப எடுத்து அலுமாரியில் வைத்தேன்.

பின்னேரம் நாலு மணிக்கு மணி அடித்தது. என் கணவர் எழும்பவில்லை. நான் போனேன். கேற்றுக்கு வெளியே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சேட்டு, கையில் குடை. தனியாக வந்திருந்தார்.

"மிஸ், நான் இம்மானுவேல்."

இரண்டு பூட்டையும் திறந்தேன். உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தார். அபி அறை வாசலில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"அந்தத் திகதி பிழையெண்டு எனக்கு முதலே தெரியும்," என்றார். "அந்தத் தெருவில மணிக்கூடு திருத்திற கடை என்ரதான். அவங்கள் வந்தது செவ்வாய் பின்னேரம். ஆஸ்பத்திரியில மனுசியின்ர அடையாள அட்டை கேட்டவங்கள், அத எடுக்கக் கடைக்கு வந்தனான். அப்ப ரெண்டு பேர் வந்து நாளைக்குத் திறக்கவேண்டாம் எண்டாங்கள்."

"அப்ப ஏன் அங்கிள் எனக்குச் சொல்லயில்லை?" என்றாள் அபி.

"உங்கட தாள் வந்தவுடன எனக்கு நிம்மதியாப் போச்சு மகள். அது கதைக்கும், நான் வாய் திறக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். இப்ப அது இல்லை."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, கிளாஸைக் கையில் வைத்திருந்தார்.

"அந்த ரெண்டு பேரில ஒருத்தன் குண்டுக்கு முதல் நாள், திங்கக்கிழமையும் என்ர கடைக்கு வந்தவன், மிஸ். மணிக்கூட்டுக்கு வார் மாத்த. மாத்தி முடிஞ்ச பிறகும் போகாமல் நிண்டு தெருவப் பாத்துக்கொண்டு நிண்டவன். செவ்வாய் பின்னேரம் அவன்ர கையில கிடந்தது நான் போட்ட வார். மண்ணிறத் தோல், கொழுக்கிக்குப் பக்கத்தில நான் கூடுதலாக் குத்தின ஓட்டை. இருவது வருஷமா ஒருத்தரும் கேக்கயில்லை, நானும் சொல்லயில்லை."

கிளாஸை மேசையில் வைத்தார்.

"நீங்கள் அந்த வேலை பாத்த ஆள். இதிலயும் பிழை இருக்கெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ மிஸ். நாளைக்குக் காலமை சட்டத்தரணியிட்டப் போகவேணும்."